நூற்றுக்கு நாற்பது



பிறர் செய்த தவற்றை எடுத்துச் சொல்வது எளிது. இம்மாதம் நாம் எழுத முற்படுவது நாம் செய்த தவறு ஒன்றைப் பற்றி. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம். ஊரையும் பெயரையும் மட்டும் மறைத்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு மாலை, விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பமொன்றின் பிள்ளைகள் இருவர் நம் இல்லத்திற்கு வந்தனர். அவர்களுடைய தாயாருக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஆண்டுகள் பலவான பின்னும் கருப்பையில் ஒரு கட்டி வளர்ந்து வந்ததால், கோவையில் அறுவைச் சிகிச்சை செய்து கருப்பையை அகற்றியிருந்தனர். "சாதாரண நார்க்கட்டியாக இருக்கலாம்" என்றே முதலில் எண்ணப்பட்டது. ஆனால் திசுப் பரிசோதனையின் முடிவு வேறாக வந்தது. மூத்தவர் மடித்து வைத்திருந்த தாளை நம்மிடம் நீட்டினார். அதில் 'லியோமயோசர்க்கோமா' என்றொரு நீண்ட பெயரும், அதன் கீழே சில புரதங்களின் பெயர்களும், கடைசியில் 'கே.ஐ. 67 – 40%' என்ற ஒரு வரியும் இருந்தன.

"சாமி, நீங்க இங்கிலீசு படிச்சவங்க. இந்த நாப்பது பர்சண்டுன்னா, நூத்துக்கு நாப்பது பேருதான் பொழைப்பாங்கன்னு அர்த்தமுங்களா?" என்று கேட்டார் இளையவர்.

குருமடத்தில் நாம் மெய்யியல் படித்தோம், இறையியல் படித்தோம், இலத்தீனும் ஓரளவு படித்தோம். உடற்கூறு பற்றி நாம் அறிந்தது பள்ளிப் பாடத்தோடு சரி. ஆயினும் "தெரியாது" என்ற ஒரு சொல் அன்று நம் வாயில் வரவில்லை. தாளை இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படித்தான் இருக்கும்போல் தெரிகிறது" என்றோம். ஆறுதலாகச் சில வார்த்தைகளும் கூறி அனுப்பி வைத்தோம்.

வீடு சென்ற பிள்ளைகள் தங்களுக்குள் கூடிப் பேசினர். பாதிக்கும் குறைவான வாய்ப்பிற்காகத் தறிகளை விற்றுச் செலவு செய்வதா? அம்மாவை மீண்டும் ஆஸ்பத்திரிக்கு அலைய விடுவதா? இருக்கிற நாட்களை வீட்டில் நிம்மதியாகக் கழிக்கட்டும் என்று முடிவு செய்து, மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியில் போகாமல் விட்டுவிட்டனர். தாயாரிடம், "கட்டியை எடுத்தாச்சும்மா, இனி ஒண்ணுமில்லை" என்று மட்டும் சொல்லி வைத்தனர்.

பத்தொன்பது நாட்கள் சென்றன. கோவையில் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தபோது, நோய்க்கூறியல் துறையில் பணிபுரியும் பெண் மருத்துவர் ஒருவரை விருந்தில் சந்தித்தோம். பேச்சுவாக்கில் அந்த நாற்பது விழுக்காட்டைப் பற்றிக் கேட்டோம். அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு, "ஃபாதர், அது பிழைப்பவர்களின் கணக்கே அல்ல" என்றார். அன்று அவர் விளக்கியதையும், அதன்பின் நாம் தேடிப் படித்ததையும் இங்கே தருகிறோம். நம்மைப்போல் வேறெவரும் தவறான பதில் சொல்லிவிடலாகாது என்பதே நோக்கம்.

மென்தசையும் அதன் கட்டிகளும்

நம் உடலில் தசைகள் மூவகை. கை கால்களை நாம் விரும்பியபடி அசைக்க உதவுவன ஒருவகை. இதயத்தசை மற்றொரு வகை. மூன்றாவது, நம் இச்சையைக் கேளாமல் தானே இயங்கும் மென்தசை. குடலிலும், இரத்தக் குழாய்ச் சுவரிலும், சிறுநீர்ப்பையிலும், கருப்பையிலும் இத்தசையே இருக்கிறது. பிள்ளைப்பேற்றின்போது குழந்தையை வெளியே உந்தித் தள்ளுவதும் இதுவே.

கருப்பையின் மென்தசையில் தோன்றும் நார்க்கட்டி பெண்களுள் மிகப் பலருக்கு உண்டு. அது புற்றுநோய் அன்று. ஆனால் வெகு அரிதாக அதே தசையில் கொடிய கட்டி தோன்றுவதுண்டு. அதன் பெயரே லியோமயோசர்க்கோமா. நார்க்கட்டி என்று கருதி அறுவை செய்துகொள்ளும் பெண்களுள் ஏறத்தாழ 500 பேரில் ஒருவரிடம் இது ஒளிந்திருக்கக்கூடும் என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2014-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. ஆகவே, நார்க்கட்டி உடைய சகோதரிகள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. வயிற்றில் சிறு துளையிட்டு, கட்டியை இயந்திரத்தால் துண்டு துண்டாக்கி எடுக்கும் முறையைப் பற்றி அந்நிர்வாகம் அதே ஆண்டில் எச்சரித்தது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். ஒளிந்திருக்கும் புற்றுநோய் அதனால் வயிற்றினுள் சிதறக்கூடும். அத்தகைய சிகிச்சைக்கு இசையுமுன் மருத்துவரிடம் இதைக் கேட்பது முறையே.

சாயம் காட்டும் உண்மை

வெட்டியெடுத்த கட்டி ஃபார்மலினில் ஊறவைக்கப்பட்டு, மெழுகில் பதிக்கப்படுகிறது. அந்த மெழுகுக் கட்டியிலிருந்து தலைமயிரை விட மெல்லிய சீவல்களைச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். ஆனால் வெவ்வேறு கட்டிகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதுண்டு. அங்கேதான் புரதக் குறிகள் உதவிக்கு வருகின்றன.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் வேலை செய்வோருக்கு இதை விளக்குவது எளிது. பருத்தி பற்றும் சாயம் வேறு. பாலியெஸ்டர் பற்றும் சாயம் வேறு. கலப்புத் துணி கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும், சாயத் தொட்டியில் முக்கினால் எந்த இழை எது என்பது வெளிப்பட்டுவிடும். அவ்வாறே, ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டுமே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் திசுவின்மேல் இடுகின்றனர். அப்புரதம் அங்கே இருந்தால் பழுப்பு நிறம் ஏறும், இல்லையேல் ஏறாது.

இத்தகைய எதிர்ப்பொருளை ஒரே சீராக, வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர் 1975-இல் கண்டனர். 1984-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. அம்முறைக்குக் காப்புரிமை ஏதும் பெறப்படவில்லை. உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் தடையின்றி அதைக் கையாண்டன.

பங்கு அலுவலகத்தில் நாம் எழுதித் தரும் சான்றுகள் இருவகை. ஒன்று, இவர் இன்னாருடைய பிள்ளை என்று காட்டும் ஞானஸ்நானச் சான்று. மற்றொன்று, இவருடைய நடத்தை இத்தகையது என்று கூறும் நன்னடத்தைச் சான்று. புரதக் குறிகளும் அப்படியே. டெஸ்மின், ஆக்டின், கால்டெஸ்மான் என்பவை பிறப்புச் சான்றுகள். இக்கட்டி மென்தசையிலிருந்து பிறந்ததே என்று அவை காட்டுகின்றன. நோய் கடுமையானதா, மெதுவானதா என்பதை அவை கூறுவதில்லை.

நடத்தையைப் பற்றிக் கூறுவனவற்றுள் ஒன்றே நாம் தவறாகப் படித்த கே.ஐ. 67. ஜெர்மனியின் கீல் நகரில் 1983-இல் கண்டறியப்பட்டதால் அந்நகரின் பெயரிலிருந்து முதல் இரண்டு எழுத்துகளும், ஆய்வுத் தட்டின் 67-ஆம் குழியில் கிடைத்ததால் அந்த எண்ணும் சேர்ந்து இப்பெயராயின. பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களில் மட்டுமே இப்புரதம் காணப்படும். ஓய்ந்திருக்கும் அணுக்களில் இராது. எனவே 40 விழுக்காடு என்றால், பார்த்த இடத்தில் நூறு புற்றணுக்களுள் நாற்பது பெருகும் முனைப்பில் இருந்தன என்பதே பொருள்.

தறிக்காரர் மொழியில் சொல்வதானால், நூறு தறிகளுள் நாற்பது ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது மட்டுமே அச்செய்தி. எத்தனை நாள் ஓடும், மின்சாரத்தை நிறுத்த முடியுமா, பட்டறையையே முழுவதும் அகற்றியாகிவிட்டதா என்பதையெல்லாம் அந்த எண் சொல்வதில்லை.

அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று நாம் கூறவில்லை. இவ்வகைக் கட்டிகளில் அது மிகுதியாக இருந்தால் நோயின் போக்கு பெரும்பாலும் கடுமையாக இருக்கிறது என்பதே ஆய்வுகளின் முடிவு. உயிரணுவின் காவலனாக விளங்கும் பி-53 என்ற புரதம் 1979-இல் கண்டறியப்பட்டது. இக்கட்டிகளில் அது பலமுறை பழுதுபட்டிருக்கிறது. சாயம் அளவுக்கு மீறி ஏறினாலும், அறவே ஏறாவிட்டாலும், இரண்டுமே அப்பழுதின் அடையாளங்கள். மாறாக, கருப்பைக் கட்டியில் பெண்மைச் சுரப்புகளை ஏற்கும் புரதங்கள் இருப்பின், சிலருக்கு நோய் மெதுவாகச் செல்வதுண்டு.

ஆயினும் மருத்துவர்கள் இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கூறுவதில்லை. கட்டியின் அளவு, பிளவுபடும் அணுக்களின் எண்ணிக்கை, கட்டியினுள் மடிந்துபோன பகுதி, அது முழுமையாக அகற்றப்பட்டதா, நுரையீரல் போன்ற இடங்களுக்குப் பரவியுள்ளதா என்பவற்றையெல்லாம் சேர்த்தே எடை போடுகின்றனர். அறிக்கையின் ஒரு வரியை மட்டும் படித்துத் தீர்ப்புக் கூறுவது, வழக்கின் ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தண்டனை விதிப்பது போலாகும். நாம் செய்தது அதுவே.

பெயர் மாறியது, விதியும் மாறியது

புரதக் குறி ஒன்று நோயாளிகளின் விதியையே மாற்றிய வரலாறும் உண்டு. அதில் நம் தமிழகத்திற்கும் பங்கு இருக்கிறது.

இரைப்பையிலும் குடலிலும் தோன்றும் ஒருவகைக் கட்டியை நெடுங்காலம் மென்தசைக் கட்டி என்றே மருத்துவ உலகம் கருதியது. அவை மென்தசைக்கு உரிய அடையாளங்களைச் சரிவரக் காட்டவில்லை என்பதை 1983-இல் இரு மருத்துவர்கள் எடுத்துரைத்து, வேறு பெயர் சூட்டினர். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், 'கிட்' என்ற புரதம் அக்கட்டிகளில் இருப்பதையும், அதன் மரபணுவில் ஏற்பட்ட பிழையே நோயைத் தூண்டுகிறது என்பதையும் கண்டனர். ஜிஸ்ட் என்று இன்று அழைக்கப்படும் நோய் அதுவே. அதற்கு முன்னர், பரவிய நிலையிலிருந்த நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒன்றரை ஆண்டுக்குள் மறைந்தனர்; வழக்கமான புற்றுநோய் மருந்துகள் பயன் தரவில்லை.

இரத்தப் புற்றுநோய்க்கென உருவான இமாட்டினிப் என்ற மாத்திரை, கிட் புரதத்தின் வேலையையும் தடுக்கும் என்பது தெரியவந்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் பின்லாந்து நாட்டில் நோய் முற்றியிருந்த ஒரு பெண்மணிக்கு அது கொடுக்கப்பட்டது. சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. இன்று பரவிய நிலையில் உள்ளவர்களுள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாண்டு வாழ்கின்றனர்; அதற்கு மேலும் பல்லாண்டு வாழ்வோர் உண்டு. நோய் அதே நோய்தான். சரியான சாயம் ஏற்றிப் பார்த்ததால் சரியான பெயர் கிடைத்தது. சரியான பெயரால் சரியான மருந்து கிடைத்தது.

ஆனால் மருந்தின் விலை? அந்நாட்களில் மூல நிறுவனத்தின் மாத்திரை மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் தயாரித்ததோ ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இதன் ஒரு படிக வடிவத்திற்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1998-இல் விண்ணப்பித்திருந்தது. 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பழைய மருந்தைச் சிறிதே மாற்றிப் புதிய காப்புரிமை கோருவதைத் தடுக்கும் சட்டப் பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. அந்நிறுவனம் நோயாளிகள் பலருக்கு மருந்தை இலவசமாக வழங்கி வந்தது என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். ஆயினும், தறி ஓட்டியும் தோட்டவேலை செய்தும் பிழைக்கும் குடும்பத்திற்கு அருளப்பட்ட தானம் ஒன்று. தன் வருவாயில் வாங்கத்தக்க விலை என்பது வேறொன்று.

மெய்யான மென்தசைப் புற்றுநோய்க்கு இம்மாத்திரை பயன் தராது. அதற்கு முதல் சிகிச்சை முழுமையான அறுவையே. பரவிவிட்டால் டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள். அத்துடன் டிராபெக்டெடின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நோயாளிகளின் வாழ்நாள் நீள்கிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வு 2024-இல் காட்டியது. நாம் இங்கே எளிதான நம்பிக்கை எதையும் விற்கவில்லை. இது கடிய நோயே. ஆனால் கடிய நோய் வேறு. தீர்ந்துபோன வழக்கு வேறு.

நினைவிற் கொள்ள வேண்டியவை

இத்தகைய அறிக்கை உங்கள் வீட்டிற்கு வருமாயின், முதலாவதாக, அதை எழுதியவரிடமோ சிகிச்சை தரும் மருத்துவரிடமோ விளக்கம் கேளுங்கள். பங்குச் சாமியாரிடமும், படித்த பக்கத்து வீட்டாரிடமும் ஆறுதல் கேட்கலாம். அறிக்கைக்கு அர்த்தம் கேட்கலாகாது.

இரண்டாவதாக, மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு வையுங்கள். நோய் அரிதாயின், அதை மிகுதியாகப் பார்த்துப் பழகிய வேறொரு நிபுணரின் கருத்து மிக அவசியம். அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் சென்றால் போதாது. மெழுகுக் கட்டி இருந்தால்தான் அவர் மீண்டும் சாயமேற்றிப் பார்க்க இயலும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி வைத்த அடையாறு புற்றுநோய் நிலையம் நமக்குத் தொலைவில் இல்லை. வேலூரும் உண்டு. கோவையிலேயும் இன்று இத்துறையில் தேர்ந்த மருத்துவர்கள் இருக்கின்றனர்.

மூன்றாவதாக, பணமில்லை என்பதற்காக மருத்துவர் குறித்த நாளைத் தவற விடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவமனையில் உள்ள அத்திட்டத்தின் அலுவலரிடம் கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கதவும் திறந்தே இருக்கிறது.

நான்காவதாக, நோயாளியிடம் உண்மையை மறைக்காதீர்கள். இதை நாம் எங்கே கற்றோம் என்பதைக் கூறி முடிக்கிறோம்.

திருமண வீட்டிலிருந்து திரும்பிய அன்றிரவே அந்தக் குடும்பத்தாரின் வீட்டிற்குச் சென்றோம். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளை வெளியே அழைத்து, "நாம் சொன்னது தவறு, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டோம், மன்னிக்க வேண்டும்" என்றோம். மூத்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்ப நாளைக்கே போலாமுங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே சென்றபோது தாயார் கட்டிலில் அமர்ந்து நூற்கண்டு பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் பிள்ளைகளே கூறினர். அவர் அழவில்லை. நம்மைப் பார்த்து, "எனக்குத் தெரியாமயா இருக்குமுங்க சாமி? பத்தொம்பது நாளா பசங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசலீங்க. அதுதான் அந்தக் கட்டிய விட வலிச்சுதுங்க" என்றார்.

மறுநாள் கோவைக்குச் சென்றனர். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. மெழுகுக் கட்டி வேறொரு நிபுணரின் பார்வைக்குச் சென்று, அதே பெயருடன் திரும்பி வந்தது. இப்போது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் சென்று வருகிறார். நோய் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அதை அவரும் அறிவார். ஒவ்வொரு முறையும் அறிக்கையைத் தாமே கையில் வாங்கிக்கொண்டு, "இது என்னங்க, அது என்னங்க" என்று மருத்துவரை வரிக்கு வரி கேட்கிறாராம். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. நாம் அன்று கேட்கத் தவறிய கேள்விகளையெல்லாம் அவர் கேட்கிறார்.